நாலு பேர் வாக்களித்தால்

அத்தியாயம் 14

கருத்தரங்கு அழைப்பிதழில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிய ராஜஸ்ரீ, அடியில் 'நன்றியுரை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு சனிக்கிழமை காலையிலும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை.

அவள் கணவன் சாய் காபியை நீட்டியபடி அந்தச் சிரிப்பைப் பார்த்தான்.

"நீ சிரிக்கறது எனக்கு அத்ர செரியாப் படலை" என்றான். "இன்னைக்கு அங்க போய் வல்லதும் ஏடாகூடமாப் பண்ணப் போறியா?"

"நன்றி சொல்லப் போறேன். அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கா."

"நன்றி மட்டும்தானே?"

"காபி நன்னா இருக்கு" என்றாள் ராஜஸ்ரீ.

சாய் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் காபியைப் புகழ்ந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமான முதல் மாதமே அவன் கற்றுக்கொண்ட பாடம் அது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகப் பழைய கதையை ஒரு தடவை சொல்லிவிடலாம். ராஜஸ்ரீக்கும் ஆட்சேபம் இருக்காது. தினமும் தனக்குள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறவள்தான் அவள்.

கரமனை அக்ரஹாரத்தில் வளர்ந்தவள். அக்கா விஜயலக்ஷ்மி, அண்ணா பிச்சுமணி, கடைக்குட்டியாக இவள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரைக்கா, மியூசியத்துக்கா, ராத்திரிக்கு அடையா, தோசையா, எதுவானாலும் அப்பா மூன்று பிள்ளைகளையும் கை தூக்கச் சொல்வார். அதிகக் கை எதற்கோ அதுதான் முடிவு. தோற்றவர்கள் அழுதாலும் அப்பா மாறமாட்டார். மூன்று பேர் என்பதால் ஒரு நாளும் முடிவு வராமல் போனதில்லை.

அந்தக் கைதூக்கலையே ராஜஸ்ரீ பிற்பாடு படிப்பாக எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கிற இடத்தில் எல்லோருக்குமாக ஒரு முடிவை எப்படி எடுப்பது என்று ஆராய்கிற படிப்பு. பெரும்பான்மை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் மூன்று விருப்பங்கள் வந்துவிட்டால் அந்தப் பெரும்பான்மை சில சமயம் தன் வாலைத் தானே துரத்தும். ஒன்றை இரண்டாவது ஜெயிக்கும், இரண்டாவதை மூன்றாவது ஜெயிக்கும், மூன்றாவதை மறுபடி ஒன்று ஜெயிக்கும். அந்த மூன்றில் ஏதோ ஒன்றை யாருமே கடைசி இடத்தில் தள்ளவில்லை என்றால் இந்தக் குழப்பம் வராது, மூன்றும் ஒழுங்காக வரிசையில் நிற்கும். ஒரே சபைக்கு இது பழைய சங்கதி. வார்டு, பஞ்சாயத்து, ஜில்லா என்று அடுக்கடுக்காக முடிவெடுக்கும் ஊருக்கு அதை விரித்து நிரூபித்தவள் ராஜஸ்ரீ. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது.

"குடு, ஒரு தடவை பாத்துத் திருத்தித் தரேன்" என்று அதை வாங்கிக்கொண்டு போனவர் அக்காவின் கணவர் ஆனந்தகிருஷ்ணன். பூஜப்புரையில் இருந்த சமூக நல ஆய்வுப் பீடத்தில் அவர் அப்போது சாதாரண விரிவுரையாளர்.

ஒரு வருஷம் கழித்து வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அது 'ஆனந்தகிருஷ்ணன் தேற்றம்' ஆக வெளிவந்தது. அடிக்குறிப்பில் ராஜஸ்ரீக்கும் இடம் இருந்தது. கட்டுரையை டைப் செய்து உதவிய மைத்துனிக்கு நன்றி.

கேட்கப் போனவளிடம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குடும்பத்துக்குள்ள என்ன உன்னோடது, என்னோடது?"

அப்பாவும் அதையே வேறு மாதிரி சொன்னார். அக்கா வாழ்கிற வீடு, விட்டுவிடு என்றார். அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். வீட்டில் முதல் முறையாக யாரையும் கை தூக்கச் சொல்லாமல் எடுத்த முடிவு அது. ராஜஸ்ரீ சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஆனால் மனசு விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சாய்க்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவராகத்துக்கு வந்தாள். சாய், மாமனார், மாமியார், இவள் என்று நாலு பேர் உள்ள வீடு. அந்த வருஷத்து ஓணத்துக்கு என்ன பாயசம் என்று பேச்சு வந்தது. பிறந்தகத்துப் பழக்கத்தில் கை தூக்கச் சொன்னாள். இந்தப் பக்கம் இரண்டு கை, அந்தப் பக்கம் இரண்டு கை. எல்லோரும் சிரித்தார்கள். ராஜஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் காகிதமும் பேனாவும் தேடி ஓடினாள்.

தேற்றத்தில் ஓட்டை இருந்தது. வாக்களிக்கிறவர்கள் ஒற்றைப்படையில் இருந்தால்தான் அது நிற்கும். இரட்டைப்படையானால் உடையும். அந்த நிபந்தனையை அவள் எழுதவே இல்லை. எழுதத் தோன்றவே இல்லை. மூன்று பேர் கை தூக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்குச் சமநிலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில் வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு போனவரோ எடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வளரட்டும் என்று விட்டாள். அத்திம்பேர் பேராசிரியர் ஆனார், பீடத்தின் இயக்குநர் ஆனார். பஞ்சாயத்துத் திட்டங்களுக்கான ஒரு கமிஷனில் உறுப்பினராகி, அந்தத் தேற்றத்தை வைத்தே ஊர் ஊராக விதி எழுதிக் கொடுத்தார். அதை மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம், படித்தவர்கள் கொஞ்சம் பேர், சரிபார்த்தவள் ஒருத்தி. அதே பீடத்தில் பின்னால் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, அவருடைய ஒவ்வொரு பாராட்டுக் கூட்டத்திலும் கை வலிக்கக் கை தட்டினாள். இன்னும் கொஞ்சம் மேலே போகட்டும் என்று தட்டினாள்.

இன்று அவருக்கு அறுபது வயது நிறைவு, பதவி ஓய்வு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கருத்தரங்கு. இதற்கு மேல் போக மேலே இடமில்லை.

காபி டம்ளரை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அக்காவின் பெண் ஆஷா. பீடத்தில் ஆராய்ச்சி மாணவி. இருபத்தேழு வயதாகியும் சித்தியின் அடுக்களைக்குள் வந்ததும் முதலில் டப்பாக்களைத் திறந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. இன்று எந்த டப்பாவையும் திறக்கவில்லை.

"சித்தி, ஒரு ஸ்டெப் மனசிலாகலை" என்று லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். "மூணாம் சாப்டர். ராத்திரி முழுக்க இதுலயே நிக்கறேன். அப்பாகிட்ட கேட்டேன். ஆப்வியஸ்ன்னார். எனக்கு ஆப்வியஸா இல்லை. எனக்கு மண்டை இல்லையோ என்னமோ."

ராஜஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.  நிபந்தனை விட்டுப்போன அதே வரி. யாரும் நிற்காத அந்த வரியில் இந்தப் பெண் தானாகவே வந்து நின்றிருந்தாள்.

இவ்வளவு நாளும் ராஜஸ்ரீயின் திட்டம் எளிமையானது. நன்றியுரையின்போது ஓட்டையைச் சபையில் எடுத்து வைப்பது. ஆனந்தகிருஷ்ணனால் ஒரு பிழையை ஒரு நிமிஷம்கூடத் தன் மேல் வைத்துக்கொள்ள முடியாது. சாம்பாரில் உப்பு ஏறினால் அக்கா. காரில் கோடு விழுந்தால் டிரைவர். அறிக்கை தப்பானால் டைப்பிஸ்ட். இந்தப் பிழையைப் போடுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. 'இது நான் எழுதினதில்லை, ராஜஸ்ரீ எழுதினது' என்று அவர் வாயாலேயே வரும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம். தன் வேலைக்குத் தன் பெயர். அதை அவரே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும்.

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. மைத்துனி எழுந்து கேட்டால் பொறாமை என்று சிரித்துத் தள்ளிவிடுவார். பெற்ற பெண் எழுந்து கேட்டால்?

ஆஷாவின் ஆய்வேடு அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டியது. அதன் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தத் தேற்றத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ராஜஸ்ரீக்கு அது தெரியும். ஆஷாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு அந்த அடிக்குறிப்பு நினைவுக்கு வந்தது.

"காகிதம் எடு" என்றாள். "நாலு பேர்னு வச்சுக்கோ. மூணு பாயசம். பாலடை, பலாப்பழத்துச் சக்கைப் பிரதமன், பருப்புப் பிரதமன். ரெண்டு பேருக்கு முதல்ல பாலடை, அப்புறம் சக்கை, கடைசில பருப்பு. மத்த ரெண்டு பேருக்கு முதல்ல சக்கை, அப்புறம் பருப்பு, கடைசில பாலடை. சக்கையை யாரும் கடைசில வைக்கலை. அப்பாவோட நிபந்தனைக்கு இது மதி, வேற ஒண்ணும் வேண்டாம். இனி எண்ணு."

ஆஷா எண்ணினாள். "பாலடையும் சக்கையும் ரெண்டுக்கு ரெண்டு. சமம். பாலடையும் பருப்பும் ரெண்டுக்கு ரெண்டு. அதுவும் சமம்." பேனா நின்றது. "அப்போ சக்கையும் பருப்பும் சமமா வரணும். ஆனா நாலு பேருக்குமே பருப்பை விட சக்கைதான் பிடிச்சிருக்கு. நாலுக்கு பூஜ்யம்."

ஆஷா கணக்கை மேலிருந்து மறுபடி ஒரு தடவை எண்ணினாள்.

"சித்தி, அப்போ அப்பாவோட தேற்றம் தப்பா?"

"நான் அப்படிச் சொல்லலை. அவர்கிட்ட ஒரு பதில் இருக்கும். இன்னைக்கு செமினார்ல கேளு."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லாரும் மாலை போட்டுப் புகழ்ந்துட்டுப் போயிடுவா. அவரோட வேலையை ஒருத்தராவது உக்காந்து படிச்சிருக்கான்னு தெரிஞ்சா அவருக்கு எத்தனை சந்தோஷமா இருக்கும், யோசிச்சுப் பாரு. அதுவும் நீ."

இதைச் சொல்லும்போது ராஜஸ்ரீயின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நமக்கு அவளை இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

"என் பேரைச் சொல்லாதே" என்றும் சேர்த்துக்கொண்டாள். "சித்தி சொல்லிக் குடுத்தாள்னா உன் கேள்விக்கு மதிப்பு இருக்காது."

ஆஷா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் சித்தி" என்றாள்.

பீடத்தில் மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. ஆனந்தகிருஷ்ணன் பட்டு வேஷ்டியில், நெற்றியில் சந்தனத்துடன் நடு இலையில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் அக்கா விஜயலக்ஷ்மி. அரக்குப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, முகம் நிறையப் பெருமை. வலது பக்கம் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஸ்ரீநிவாஸ். கருத்தரங்குக்குத் தலைவர், இந்தத் துறையின் பெரிய பத்திரிகைக்கு ஆசிரியர். அவர் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

"ராஜி, இப்படி வா" என்று ஆனந்தகிருஷ்ணன் கூப்பிட்டார். "நன்றியுரை சின்னதா மதி, கேட்டியா. எல்லாரும் ட்ரெயின் பிடிக்கணும். நாலு வரி."

"நாலே வரிதான் அத்திம்பேர்."

"இவள் என் மைத்துனி" என்று ஸ்ரீநிவாஸிடம் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். "இங்கேதான் வேலை பார்க்கிறாள். அந்தக் காலத்தில் என் கட்டுரைகளை டைப் செய்வாள். ஒரு எழுத்து பிசகாது."

ஸ்ரீநிவாஸ் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பாயசத்தைப் பார்த்துக்கொண்டார்.

ராஜஸ்ரீயின் காது மடல்கள் கொதித்தன. காலையில் ஆஷாவை நினைத்து ஓரத்தில் ஏதாவது தயக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால், அது இந்த இடத்தில் உதிர்ந்தது.

"நீ சாப்பிடலையா டீ?" என்றாள் அக்கா. "முகமே செரியில்லை. உக்காரு, நான் பரிமாறச் சொல்றேன்."

"பசியில்லை அக்கா. அப்புறம் சாப்பிடறேன்."

அக்காவை அவள் வெறுத்ததில்லை. அக்காவைப் பார்த்தால் கோபம் இளகிவிடும் என்ற பயத்தில், இத்தனை வருஷமும் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்துத்தான் வந்திருந்தாள். இன்றும் அப்படியே நகர்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு அரங்கு நிரம்பியது. புகழுரைகள் முடிந்தன. ஆனந்தகிருஷ்ணன் தன் தேற்றத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு கடற்கரை நடையில் அது தனக்கு உதித்ததாகச் சொன்னார். முன்வரிசையின் ஓரத்தில் இருந்த ராஜஸ்ரீ அந்தக் கடற்கரையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"கேள்விகள்?" என்றார் ஸ்ரீநிவாஸ்.

ஆஷா எழுந்தாள். அவள் கேட்டது ஆங்கிலத்தில். நாம் தமிழிலேயே கேட்போம்.

"அப்பா, சாரி, சார், நாலு பேர் வாக்களித்தால் என்ன ஆகும்?"

எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆஷா நாலு பேரையும் மூன்று பாயசங்களையும் நிதானமாகச் சொன்னாள். கடைசிக் கணக்கைச் சொல்லும்போது சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஸ்ரீநிவாஸ் மட்டும் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

"அது ஒரு சாதாரண விஷயம்" என்று ஆனந்தகிருஷ்ணன் பலகைப் பக்கம் திரும்பினார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். இரண்டுக்கு இரண்டு, இரண்டுக்கு இரண்டு, நாலுக்குப் பூஜ்யம். முதுகில் பட்டு அங்கவஸ்திரம் வேர்வையில் ஒட்டியது. அவர் அந்த நிரூபணத்தின் உள்ளே முதல் தடவையாக இப்போதுதான் போகிறார் என்று ராஜஸ்ரீக்குத் தெரிந்தது. உள்ளே போனவருக்கு வெளியே வர வழி தெரியவில்லை.

"தேற்றம் உடைகிறது போலிருக்கிறதே, பேராசிரியர்" என்றார் ஸ்ரீநிவாஸ் மெதுவாக.

இதோ வரும், என்று ராஜஸ்ரீ கைகளைக் கோத்துக்கொண்டாள்.

வந்தது. ஆனந்தகிருஷ்ணன் திரும்பினார். அவர் கண் நேராக முன்வரிசை ஓரத்துக்கு வந்தது.

"உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிரூபணம் நான் எழுதியது இல்லை. என் மைத்துனி ராஜஸ்ரீ அப்போது மாணவி. அவள்தான் எழுதினாள். நான் அவளை நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு."

"இந்தப் படி மட்டுமா?" என்று கேட்டார் ஸ்ரீநிவாஸ்.

"முழுவதும் அவள்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்."

ஸ்ரீநிவாஸ் பேனாவை வைத்தார். "அப்படியானால் கட்டுரையில் ஏன் அவர் பெயர் இல்லை?"

 ஆனந்தகிருஷ்ணன் மறுபடி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜஸ்ரீக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆனந்தம்தான். வேறு பெயர் தேட வேண்டாம். அவர் நிற்பதை, அந்த வேர்வையை, கையில் மூடி போடாமல் காய்ந்துகொண்டிருந்த அந்த மார்க்கரை ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்தாள். கரமனை வீட்டில் அழுதுகொண்டு படுத்திருந்த இருபத்து நாலு வயசுப் பெண்ணை எழுப்பி, வந்து பார் என்று காட்டினாள்.

இனி மீதி ஒன்றுதான். அவள் எழுந்து போய், விட்டுப்போன அந்த ஒரு சொல்லை எழுதித் தேற்றத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். தன் பெயரில் தன் தேற்றம். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

ஆஷா அதற்குள் பலகைக்குப் பக்கத்தில் இருந்தாள். அப்பாவின் கையிலிருந்து மார்க்கரை வாங்கிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கை ஓடியது.

"காலையிலிருந்து இதையேதான் யோசித்தேன். சமநிலை வருவதால்தான் உடைகிறது. ஒவ்வொரு வார்டிலும் வாக்களிப்பவர்கள் ஒற்றைப்படை என்று வைத்துக்கொண்டால் சமநிலை வராது. அப்போது மீதி நிரூபணம் அப்படியே நிற்கிறது. இரட்டைப்படையானால் வார்டுத் தலைவருக்கு ஒரு கூடுதல் வாக்கு கொடுத்தால் போதும்."

அந்தக் கூடுதல் வாக்கு ராஜஸ்ரீக்கே தோன்றியதில்லை. இருபது வருஷம் அவள் ஓட்டையைக் காவல் காத்தாளே தவிர, அதற்கு அப்பால் ஓர் அடி நடந்து பார்க்கவில்லை.

ஸ்ரீநிவாஸ் எழுந்து நின்று கை தட்டினார். அரங்கே எழுந்தது.

"ஆக, ராஜஸ்ரீயின் நிரூபணத்தில் இருந்த பிழையை ஆஷா கண்டுபிடித்துத் திருத்தியும் இருக்கிறார்" என்றார். "ஒரு சின்னக் கட்டுரையாக எழுதி எனக்கு அனுப்பம்மா. அடுத்த இதழிலேயே போடுகிறேன். மற்ற விஷயங்களைப் பீடம் விசாரிக்க வேண்டியிருக்கும்."

ராஜஸ்ரீ நின்ற இடத்திலேயே நின்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. தேற்றம் அவளுடையது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அது தப்பு என்று தெரிந்த அதே நிமிஷத்தில்.

"இனி நன்றியுரை" என்றது ஒலிபெருக்கி.

மைக்குக்கு முன்னால் அவள் என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. தலைவருக்கு நன்றி, வந்தவர்களுக்கு நன்றி. பிழையைத் திருத்தித் தந்த ஆஷாவுக்கும் நன்றி. அரங்கு அதற்கும் கை தட்டியது.

கூட்டம் கலைந்தது. ஆனந்தகிருஷ்ணனைச் சுற்றி நாற்காலிகள் மட்டும் இருந்தன. மத்தியானம் அவர் இலையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று போன் வந்துவிட்டிருந்தது. விஜயலக்ஷ்மி யாரிடமும் பேசாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

போர்ட்டிகோவில் தூணோரம் ஆஷா காத்திருந்தாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த நாலு பேர் உதாரணம், காலம்பற என் சாப்டரைப் பாத்தப்போ தோணினதா?"

"ஆமாம்" என்று சொல்ல ராஜஸ்ரீக்கு வாய் வந்தது. அந்தக் கண்களைப் பார்த்தபோது வரவில்லை.

"இல்லை."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"உனக்கு ஏழு வயசு இருக்கறச்சே."

ஆஷா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருபது வருஷம்.

"அப்போ நான் இந்த டாபிக் எடுத்தப்போ உங்களுக்குத் தெரியும். மூணு வருஷமா அது மேல உக்காந்து நான் எழுதறதைப் பாத்துண்டே இருந்தேள். அப்பாவோட கமிஷன் அதை வச்சு ஊரெல்லாம் ரூல் எழுதினப்போவும் பாத்துண்டே இருந்தேள்."

"உன் அப்பா என்ன பண்ணினார்னு இன்னைக்குக் கேட்டியோல்லியோ?"

"கேட்டேன். அது திருட்டு. அதை அவர்கிட்ட நான் கேட்டுக்கறேன், விடமாட்டேன். ஆனா நீங்க என்னை எடுத்து அவர் மேல எறிஞ்சேள். சந்தோஷப்படுவார்னு சொல்லி எறிஞ்சேள்."

 ராஜஸ்ரீக்குச் சொல்ல இருந்ததெல்லாம் நியாயம்தான். ஆனால் இந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடிய நியாயம் ஒன்றுகூட அதில் இல்லை.

"கட்டுரை நான் எழுதப் போறேன்" என்றாள் ஆஷா. குரல் இப்போது தெளிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "அந்த உதாரணம் உங்களோடது. அடுத்தவா பண்ணினதை என்னோடதுன்னு போட்டுக்க நான் அப்பா இல்லை. உங்க பேரைப் போடறேன். ஆனா எப்போ கண்டுபிடிச்சேள்னு சார் கேப்பார். பொய் எழுதமாட்டேன். இருபது வருஷம் முன்னாலேயே தெரியும், தெரிஞ்சும் வெளில சொல்லலைன்னு சேர்த்துத்தான் போடுவேன். போடட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கோ சித்தி."

தெரிந்தும் மறைத்தவள் என்று ஒரு வரி. அதோடு அவள் இத்தனை வருஷம் நின்று கற்பித்த வகுப்பறையும் போய்விடும், அவருடைய திருட்டுக்குப் பக்கத்திலேயே அவளுடைய மௌனமும் அச்சேறும். அதை வேண்டாம் என்றால், பெயரும் வேண்டாம்.

இத்தனை காலம் எந்தப் பெயருக்காகக் காத்திருந்தாளோ, அந்தப் பெயரைத் தன் வாயாலேயே அடித்தாள் ராஜஸ்ரீ.

"வேண்டாம்."

"செரி" என்றாள் ஆஷா. "கட்டுரைல போடலை. ஆனா அம்மாகிட்ட சொல்லாம இருக்க என்னால முடியாது."

அவள் படியிறங்கிக் காரை நோக்கி நடந்தாள். பின் கதவைத் திறந்து, குனிந்து, அம்மாவிடம் பேசினாள். நிறைய நேரம் பேசினாள். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் அரக்குப் புடவை அசையவே இல்லை.

அப்பாவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்துக்காக மட்டுமே அக்காவிடம் மறைத்ததாக ராஜஸ்ரீ இதுவரை நம்பியிருந்தாள். அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த நம்பிக்கையும் அவளிடம் இல்லை.

பிறகு விஜயலக்ஷ்மி காரிலிருந்து இறங்கினாள். கழுத்தில் இருந்த நகைகளைக் காணோம். எல்லாம் கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தாள்.

"ராஜி" என்று கூப்பிட்டாள். "இங்க வா. இன்னைக்கு நான் உங்க அத்திம்பேரோட வீட்டுக்குப் போகலை. உன்னோட வரேன். வழில எனக்கு எல்லாத்தையும் சொல்லு."